டெல்மாவில் ஒரு சனிக்கிழமை, பின்சீட்டில் சித்ரா

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு துபாய் ஜெபல் அலி தொழிலாளர் கேம்பிலிருந்து கிளம்பினேன். கையில் ஒரு பை. அதில் ஒரு சட்டை, ஒரு துண்டு, சித்ராவுக்கு வாங்கிய செருப்பு. பைக்கு வெளியே இரண்டு ஹெல்மெட். ஒன்று என்னுடையது. இன்னொன்று ரூமில் கூட இருக்கும் நேபாளியிடம் கேட்டு வாங்கியது.

சித்ரா என் மனைவி. டெல்மா என்று ஒரு தீவு. அபுதாபிக்கு மேற்கே, கடலுக்குள் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் ஓடாத நேரம் வகுப்பறை துடைக்க வேண்டும். நான் துபாயில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். ஒரே நாட்டில்தான் இருக்கிறோம். ஒன்றரை வருஷத்தில் மூன்று தடவை பார்த்திருக்கிறோம். மூன்றும் அபுதாபி பஸ் ஸ்டாண்டில். அவள் இருக்கிற இடத்தை நான் பார்த்ததில்லை.

இந்தத் தடவை போனதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மகள் கயல் ஊரில், சித்ராவின் தங்கை வீட்டில் இருந்து படிக்கிறாள். தங்கை குடும்பம் மே மாதம் திருப்பூருக்குப் போகிறது. கயலுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் ஊருக்குப் போயாக வேண்டும். சித்ரா போவது என்று போனில் முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. நான் சொன்னேன், அவள் சரி என்றாள். திங்கட்கிழமை அவள் கம்பெனியில் கேட்பார்கள், காண்ட்ராக்ட் புதுப்பிக்கிறாயா, கேன்சலா என்று. கேன்சல் என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

"அதுக்கு முன்னாடி ஒரு நாள் வாங்க மாமா. நான் போயிட்டா நீங்க இங்க எதுக்கு வரப்போறீங்க?" என்றாள். அவள் எனக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முந்தியும் மாமாதான், பிந்தியும் மாமாதான். இங்கே ஒரு மளிகைக் கடையில் ஸ்கூட்டர் கொடுப்பார்கள், ஹெல்மெட் மட்டும் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னாள்.

இபன் பதூதா பஸ் ஸ்டாண்டிலிருந்து அபுதாபிக்கு இருபத்தைந்து திர்ஹம். ஒன்றரை மணி நேரம். அபுதாபியில் பஸ்ஸுக்கு வேறு கார்டு, துபாய் கார்டு செல்லாது. இது தெரியாமல் ஒரு பஸ்ஸை விட்டேன். அடுத்த பஸ்ஸில் ருவைஸ். இருநூற்று நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். வழியெல்லாம் மணல், மின்கம்பி, மணல். ருவைஸில் ஊர்க்காரர் ஒருவர் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். அவர் ரூமில் தங்கினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. அவரே பிக்கப்பில் துறைமுகத்தில் இறக்கிவிட்டார். ஜனவரி மாதம். குளிர் இருந்தது. படகு என்றால் சின்னப் படகு இல்லை. கார், லாரி எல்லாம் உள்ளே ஏறுகிறது. நான் போன அன்று எனக்கு இருபது திர்ஹம் ஆனது. எட்டு மணிக்கு எடுத்தார்கள்.

பக்கத்தில் ஒரு பெஷாவர்க்காரர். லாரி டிரைவர். இரண்டு ஹெல்மெட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"பாய், தலை ரெண்டு வருது. வண்டி எங்கே?"

"வண்டி அங்கே இருக்கு."

"இன்னொரு தலை?"

"அதுவும் அங்கேதான் இருக்கு. பொண்டாட்டி."

"மாஷா அல்லா" என்று சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார். தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் மனைவியைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறதாம். கடல் பச்சையாக இருந்தது.

ஒன்பதரைக்குத் தீவு தெரிந்தது. தண்ணீருக்கு மேல் கறுப்பும் சிவப்புமாக ஒரு மலை. மலை என்றால் நம்மூர் மலை இல்லை, பெரிய குன்று. அதன் அடியில் வெள்ளை வீடுகள். ஒரு மசூதி. அவ்வளவுதான் ஊர்.

கரையில் சித்ரா நின்றாள். பச்சைச் சுடிதார். பள்ளிக்கூடத் தொப்பி போட்டிருந்தாள்.

"கறுத்துட்டீங்க."

"நீயுந்தான்."

"மெலிஞ்சும் போயிட்டீங்க."

செருப்பைக் கொடுத்தேன். அங்கேயே போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டீ ஒரு திர்ஹம். பேச்சு வரவில்லை. தினமும் போனில் அரைமணி நேரம் பேசுகிறவர்கள்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவள் சர்க்கரைப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பத்தேகாலுக்கு மளிகைக் கடை. கடைக்காரர் ஹம்சாக்கா, மலப்புரம். இக்கா என்றால் அங்கே அண்ணன். இருபது வருஷமாக இந்தத் தீவில் இருக்கிறாராம். ஸ்கூட்டர் கடை வாசலில் நின்றது. பின்னால் டெலிவரிப் பெட்டி.

"வாடகை எவ்வளவு?" என்றேன்.

"வாடகை வேண்டா. நம்ம டெலிவரிக்காரன் லீவுல நாட்டில போயி. மூணு வீட்டுல சாமானம் கொடுக்கணும். போற வழிதான். அது கொடுத்தா மதி. போதும்."

சித்ரா சிரித்தாள். "லீவு போட்டு இருநூறு மைல் தாண்டி வந்தும் டெலிவரியா மாமா?"

"டெலிவரி பாய்க்கு டெலிவரி விடுமோ?" என்றார் ஹம்சாக்கா. என் லைசன்ஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

பெட்டி இருந்தால் பின்னால் ஆள் உட்கார முடியாது. நாலு போல்ட். ஸ்பானர் வாங்கிக் கழற்றினேன். பெட்டியைக் கழற்றின வண்டி மொட்டையாக இருந்தது. ஆறு வருஷமாக என் பின்னால் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. வெங்காய மூட்டை என் காலடியில். பிரெட், எண்ணெய் பையில், அதை ஹாண்டிலில் மாட்டினேன். முப்பது முட்டை அட்டை சித்ரா மடியில். ஒரு கையால் அட்டையைப் பிடித்தாள். இன்னொரு கையை என் தோளில் வைத்தாள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் பேச்சு வந்துவிட்டது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் காதுக்குப் பின்னால். போன் மாதிரியே. கயல் கணக்கில் வாங்கின மார்க், தங்கை வீட்டுக்காரன் திருப்பூரில் பார்த்த வேலை, ரூமில் கூட இருக்கும் கென்யாக்காரி பாடுகிற பாட்டு, எல்லாம் சொன்னாள். ரோட்டில் சிக்னல் இல்லாத ஊர். எங்கேயும் நிற்க வேண்டியதில்லை.

முதல் வீடு டீச்சர்கள் குடியிருப்பு. பிரெட்டும் எண்ணெயும். வாசலில் வைத்தேன். பெல் அடித்தேன். இரண்டு அடி பின்னால் வந்து, போனை எடுத்து, பையோடு கதவைப் போட்டோ எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, இங்கே ஆப் கிடையாது, யாருக்கும் போட்டோ அனுப்ப வேண்டியதில்லை.

அதற்குள் கதவு திறந்தது. எகிப்துக்கார டீச்சர். தன் வீட்டுக் கதவை ஒருவன் போட்டோ பிடிப்பதைப் பார்த்து முறைத்தார். எனக்கு அரபியில் கிளம்புக்கு யல்லா தெரியும், முடிந்ததுக்கு கலாஸ் தெரியும், இல்லைக்கு மாஃபி தெரியும். பத்து வருஷத்தில் அவ்வளவுதான். எது சொன்னாலும் தப்பாகப் போகும்.

சித்ரா வண்டியை விட்டு இறங்கி வந்தாள். கடகடவென்று அரபியில் பேசினாள். கையை ஆட்டி, என்னைக் காட்டி, ஏதோ சொன்னாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே போய் இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன சொன்னே?"

"இவரு துபாய்ல பெரிய டெலிவரிக்காரரு, போட்டோ எடுக்கலைன்னா தூக்கம் வராதுன்னேன்."

"அரபி எப்பக் கத்துக்கிட்டே?"

"பஸ்ல இருபத்திரண்டு பிள்ளைங்க. கத்துக்காமப் பின்னே?"

அந்தத் தெருவைத் தாண்டும்போது ஒரு வீட்டு மாடியிலிருந்து இரண்டு பிள்ளைகள் கத்தின. "சித்ரா! சித்ரா!" அவள் கையசைத்தாள். பேர் சொல்லிப் பதிலுக்குக் கத்தினாள். ஆறு வருஷ டெலிவரியில் எந்தத் தெருவிலும் என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆர்டர் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஊர் முடிந்ததும் ரோடு வெறிச்சென்று இருந்தது. வலது பக்கம் கடல். இடது பக்கம் குன்று. தீவு நீளவாக்கில் ஒன்பது கிலோமீட்டர், குறுக்கே ஐந்து. முழுசாகச் சுற்றினாலும் மதியத்துக்குள் முடிந்துவிடும். நாற்பதில் போனேன். பின்னால் அவசரப்படுத்த யாரும் இல்லை. இது எனக்குப் புதுசு.

பதினோரு மணி இருக்கும். பின்னால் தண்ணீர் டேங்கர் வந்தது. எனக்குச் சத்தம் முதலிலேயே கேட்டது. ரோட்டை விட்டு மணலில் இறக்கி நிறுத்திவிட்டேன். டேங்கர் போனது.

"என்ன மாமா?"

"கண்ணுல மண்ணு."

அவள் கை என் தோளிலேயே இருந்தது. வண்டியை எடுத்தேன்.

இரண்டாவது டெலிவரி ஒரு தோட்டம். வெங்காயம் இறக்கினோம். பேரீச்சை மரம், ஆட்டுப்பட்டி, நாலு பங்களாதேஷ்காரர்கள். அங்கே ஒரு பழைய கிணறு இருந்தது. இந்தத் தீவில் அந்தக் காலத்திலேயே நல்ல தண்ணீர் உண்டு என்று பள்ளிக்கூட பஸ் டிரைவர் சித்ராவிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் முத்துக் குளிக்கிறவர்கள் இங்கே வந்து தங்கினார்களாம். எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீர் கொஞ்சம் மினுங்கியது.

மூன்றாவது டெலிவரி முட்டை. மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் மீன்காரர்கள் ரூம். தோட்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். அதே டேங்கர் தண்ணீரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. இப்போது எதிரே, வேகமாக வந்தது. ஓரத்தில் மணல் இல்லை, கல். இறங்க இடம் இல்லை. பிரேக்கை நான் பிடிக்கவில்லை, கை பிடித்தது. வண்டி ஆடி நின்றது. டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கார் போகலாம், அவ்வளவு இடம் இருந்தது.

முட்டை அட்டை என் முதுகில் மோதியிருந்தது. சித்ராவின் மடியில் மஞ்சள் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"எப்ப விழுந்தீங்க?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. தோள்ல கை வச்சிருக்கேன்ல. லாரி சத்தம் கேட்டதுமே உங்க தோளு கல்லாகுது. எப்ப?"

சொன்னேன். அக்டோபரில். சாயங்காலம். பக்கத்தில் ஒரு டிரெய்லர் உரசுகிற மாதிரி போனது. காற்றிலேயே வண்டி சாய்ந்துவிட்டது. விலா எலும்பு இரண்டு உடைந்தது. ரோடு பூரா பிரியாணி. அந்தக் கஸ்டமர் போன் அடித்துக்கொண்டே இருந்தார். எடுத்துச் சொல்ல மூச்சு வரவில்லை.

"காய்ச்சல்னீங்களே."

"ம்."

"மூணு வாரமா காய்ச்சல்? கசாயம் வைக்கச் சொன்னேன். வச்சேன்னீங்க. சுக்கு போட்டீங்களான்னு கேட்டேன். போட்டேன்னீங்க."

மீன்காரர்கள் ரூமுக்குப் போனோம். ஒரு குஜராத்திக்காரர் அட்டையை வாங்கி எண்ணினார். இருபத்தேழு.

"நான்தான் உடைச்சேன் பாய்" என்று சித்ரா இந்தியில் சொன்னாள். அவர் அவள் சுடிதாரைப் பார்த்தார். "குழம்புக்கு வேற பாத்திரம் கிடைக்கலையா பஹன்?" என்றார். குழாயைக் காட்டினார். அவள் கழுவிக்கொண்டு வந்தாள். உடைந்த முட்டைக்கு அவர் காசு வாங்க மாட்டேன் என்றார். துறையில் அப்போதுதான் வந்த மீனில் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். இங்கே ஷேரி என்கிறார்கள். நம்மூர் விளமீன்தான்.

மீனை ஓட்டலில் கொடுத்தால் பொரித்துத் தருகிறார்கள். சோறு, பருப்பு, பொரித்த கூலி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு திர்ஹம். மீன் நன்றாக இருந்தது. சித்ரா முள் எடுத்து என் தட்டில் வைத்தாள். கோபமாக இருக்கிறாள் என்பது அவள் முள் எடுத்த வேகத்தில் தெரிந்தது.

இரண்டு மணிக்குப் பழைய வீடு ஒன்றைப் பார்த்தோம். முத்து வியாபாரி ஒருவர் வாழ்ந்த வீடு. இப்போது மியூசியம். மாடியில் நாலு பக்கமும் காற்று வர ஜன்னல் வைத்திருக்கிறார்கள். கீழே முத்துக் குளிக்கிற சாமான்கள். மூக்கை அடைக்க ஒரு கிளிப். காலில் கட்டிக்கொள்ள ஒரு கல். ஒரு கயிறு. காவலாளி விளக்கிச் சொன்னார், சித்ரா எனக்குத் தமிழில் சொன்னாள். கல்லோடு ஒருவன் இறங்குவான். மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். மூச்சு முட்டும்போது கீழே இருப்பவன் கயிற்றை இழுப்பான். மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும்.

"கீழ இருக்கிறவன் இழுத்தாத்தானே மேல இருக்கிறவனுக்குத் தெரியும்?" என்றாள் சித்ரா. இது காவலாளி சொன்னதில்லை. எனக்குச் சொன்னது.

அங்கிருந்து குன்றுப் பக்கம் போனோம். வண்டி ஏறுகிற வரைக்கும் ஏறிவிட்டு, அப்புறம் நடந்தோம். கல் உதிர்கிற மலை. மரம் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து தீவு பூராவும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன. "மூணாவது என் பஸ்" என்றாள். ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தாள். உட்கார்ந்தோம். பக்கத்துப் பக்கத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க ஊருக்குப் போங்க. நான் இருக்கேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"பொண்டாட்டியை வெளிநாட்டுல விட்டுட்டு ஆம்பளை ஊர்ல உக்காந்திருந்தா ஊரு சிரிக்கும்."

"நீங்க ரோட்டுல கெடந்தப்ப ஊரா வந்து தூக்குச்சு?"

"அது வேற."

"என்ன வேற?"

"பொம்பளைப் பிள்ளைய நான் ஒத்தையில எப்படிப் பாப்பேன்? சோறாக்கணும். துணி துவைக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரூம்ல யாரு சமைக்கிறது?"

"முறை வச்சுத்தான்."

"எட்டுப் பேருக்கு. சாம்பார், ரசம், கோழி. வெள்ளிக்கிழமை பிரியாணி. நீங்கதான் நல்லாப் பண்ணுவீங்கன்னு அந்த நேபாளி போன்ல எங்கிட்டயே சொன்னாரு. துணி யாரு துவைக்கிறா? நீங்க. ஊருக்கு லீவுல வந்தா மட்டும் தண்ணி எங்க இருக்குன்னு கேப்பீங்க. அடுப்பு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு தெரியாத மாதிரி உக்காந்திருப்பீங்க. ரெண்டு மாசமும் நானும் சொம்புல கொண்டாந்து குடுப்பேன்."

உண்மைதான். கேம்பில் இருக்கிற ஆள் எல்லாரும் அப்படித்தான். இங்கே மாவு பிசைகிறவன் விமானம் இறங்கியதும் மறந்துவிடுகிறான். யாரும் அதைச் சொல்வதில்லை. இவள் சொல்லிவிட்டாள்.

"உனக்குக் கயலைப் பாக்கணும்னு இல்லையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

ஆரஞ்சுத் தோலைக் கல்லுக்கு அடியில் வைத்தாள்.

"தினம் அந்த இருபத்திரண்டையும் இறக்கிவிட்டுட்டுக் காலி பஸ்ல திரும்பி வர்றேன் மாமா. அப்ப எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. போகணும்னுதான் இருக்கு. ஆனா நான் போயி, நீங்க அந்த ரோட்டுக்குத் திரும்பிப் போயி, ஒரு நாள் நீங்க பெட்டியில வந்தா? வாங்கி என்ன செய்ய? எனக்கு இங்க லாரி இல்லை. பஸ்ல உக்காந்து போறேன், வர்றேன். என்னை அடுத்த வருஷம் பஸ்காரங்களுக்கு மேல சூப்பர்வைசராப் போடறோம்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆர்டர் லேட்டானால் மெசேஜ் வரும். அது மட்டும்தான்.

நான் எழுந்தேன். இறங்கும்போது அவள் முன்னால் போனாள். புதுச் செருப்பு வழுக்கியது. கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கின பிறகும் விடவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஸ்கூட்டரைக் கடையில் விட்டோம். உடைந்த மூன்று முட்டையைப் பற்றிச் சொன்னேன். "முட்டைன்னா உடையும்" என்றார் ஹம்சாக்கா. பெட்டியை எடுத்து வைத்து நாலு போல்ட்டையும் முடுக்கினேன். மூன்று நன்றாக இறங்கியது. நாலாவது மரை கழன்றிருந்தது. வேறு போல்ட் கேட்டு வாங்கிப் போட்டேன். ஆடுகிறதா என்று இரண்டு தரம் அசைத்துப் பார்த்தேன். இந்தப் பெட்டி என் வண்டியில் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் விழுந்த அதே ரோட்டில். அந்தப் பயத்தை எனக்கு நானே மறைக்க முடியவில்லை.

நாலரை மணிக்குத் துறைமுகம் வந்தோம். ஐந்து மணிப் படகு. கார்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிக்கப் பின்பக்கமாக ஏறியது. ஒருவன் கையைக் காட்டி வா, வா என்று கத்திக்கொண்டிருந்தான். சித்ரா நேபாளியின் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பார்த்தேன்.

"திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடு."

"எதுல?"

"புதுப்பிக்கிறதுல. கேன்சல் நான் குடுக்கிறேன்."

அவள் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டாள். அழவில்லை. நானும் இல்லை.

"கயலுக்குத் தோசை மெலிசா வேணும். ஓரம் முறுகணும்."

"வரும்."

"சடை பின்னத் தெரியாதே உங்களுக்கு."

"அவளே பின்னிக்குவா. பதினாலு வயசு."

"ஊர்ல கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"என் பொண்டாட்டி துபாய்ல வேலை பாக்குறான்னு சொல்லுவேன்."

"துபாயை நான் ஏர்போர்ட்டுல பாத்ததோட சரி. டெல்மான்னு சொல்லுங்க."

"யாருக்குத் தெரியும் டெல்மா?"

"தெரியலைன்னா சொல்லிக் குடுங்க."

ஹாரன் அடித்தார்கள். ஏறினேன். மேல்தட்டில் நின்று பார்த்தேன். கையசைக்கவில்லை, இரண்டு கையிலும் ஹெல்மெட். அவளும் நின்றுகொண்டிருந்தாள். மலை கடைசி வரை தெரிந்தது. ஆள் அதற்கு முன்பே தெரியாமல் போய்விட்டாள்.

இப்போது ஜூலை. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருக்கிறேன். கயல் பத்தாம் வகுப்பு. காலை ஐந்தரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறேன். முதல் வாரம் எதிர்வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். இப்போது பார்ப்பதில்லை. அந்த வீட்டம்மா ரசத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். டவுனுக்குப் போக ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். பின்னால் பஸ் வந்தால் இறங்கி ஓரமாக நின்றுகொள்கிறேன். கயல் ஒன்றும் கேட்பதில்லை. அவளிடம் அம்மா சொல்லியிருப்பாள்.

அந்தத் தீவையும் இந்த ஊரையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். அங்கே சுற்றிலும் கடல், இங்கே சுற்றிலும் கருவேலம். அங்கே ஒரு ரோடு, இங்கேயும் ஒரு ரோடு. இரண்டு இடத்திலும் பஸ் வந்தால் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். பெரிய வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர். இங்கே இரண்டு பேர், அங்கே ஒருவர்.

டீக்கடையில் கேட்கிறார்கள், "ஒம் பொண்டாட்டி துபாய்லதானே?" என்று. இல்லை என்கிறேன். பிறகு எங்கே என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் ஒரு தடவை எழுதி வைத்துவிட்டேன்.

டெல்மா. அபுதாபியிலிருந்து மேற்கே பஸ்ஸில் ருவைஸ் வரை போக வேண்டும். அங்கிருந்து துறைமுகம் அரைமணி. பிறகு படகில் ஒன்றரை மணி நேரம். நல்ல தண்ணீர் உள்ள தீவு. சித்ரா அங்கே வேலை செய்கிறாள்.